உடைந்த சிறு பீங்கான் உருவத்தை வீட்டிலேயே செப்பனிடும் முறை



பௌர்ணமி வந்தனைக்காக வீடுகளுக்குச் செல்லுங்காலத்து நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளில் பல, சீலத்தைப் பற்றியவையும் அல்ல, தியானத்தைப் பற்றியவையும் அல்ல. சுவரில் அடித்த சிறு பலகையின்மேல் ஒரு பீங்கான் உருவம் இருக்கும். அதன் கழுத்திலோ கையிலோ ஓர் உடைவு இருக்கும். அல்லது உருவம் இருந்த இடம் வெறுமையாயிருக்கும். வீட்டம்மையார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஐயா, பின்னமானதை வீட்டில் வைத்திருக்கலாமா?” என்பார். இக்கேள்விக்கு முதலில் விடை கூறிவிட்டு, பின்னர் அத்தகைய உருவத்தைச் செப்பனிடும் முறையை எழுதுவதே நமது நோக்கம். விடை சிறியது, முறை நீண்டது.

வைத்திருக்கலாம் என்பதே விடை. காலிங்கபோதி ஜாதகத்தின் முன்கதையில், பகவன் ஜேதவனத்தில் இல்லாத நாட்களில் மலரோடு வருவோர் எதனை வணங்குவது என்று ஆனந்த தேரர் வினவுகிறார். அவ்விடத்தில் மூவகைச் சேதியங்கள் கூறப்படுகின்றன. உடற்தாதுவைக் கொண்டது ஒன்று. அவர் பயன்படுத்தியதைச் சார்ந்தது ஒன்று. அவரைக் குறித்து அமைக்கப்பட்டது ஒன்று. மூன்றாவதாகிய உத்தேசிக சேதியம் தனக்கெனப் பற்றுக்கோடு இல்லாதது, மனத்தை மட்டுமே சார்ந்தது என்றும் அங்கேயே விளக்கப்படுகிறது. நம் வீட்டுப் பலகையிலுள்ள பீங்கான் உருவம் இம்மூன்றாம் வகையினது. நம் மரபில் அதனுள் எந்தச் சக்தியும் ஏற்றி வைக்கப்படுவதில்லை. ஆகவே அது உடையும்போது எந்தச் சக்தியும் வெளியேறுவதுமில்லை. மேலும், புத்தருக்கு மனித வடிவில் உருவம் அமைக்கும் வழக்கமே கி.பி. முதல் நூற்றாண்டையொட்டிக் காந்தாரத்திலும் மதுராவிலும்தான் பரவியது. அதற்கு முன்னர் சாஞ்சியிலும் பார்குத்திலும் திருவடித் தடங்களையும், போதி மரத்தையும், ஒருவரும் அமராத இருக்கையையும் செதுக்கினார்கள். வெற்றிருக்கையை வணங்கியவர்களின் வழிவந்த நாம், ஒரு விரல் குறைந்த உருவத்தைக் கண்டு அஞ்சுவது பொருந்தாது.

இவ்வச்சம் பேச்சளவில் நின்றுவிடுமானால் நாம் இவ்வளவு எழுதியிருக்கமாட்டோம். தங்கவயலில் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட பின்னர்ப் பெங்களூருக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தில் சென்ற ஆண்டு நாம் கண்டதைச் சொல்லுகிறோம். சுரங்கத்தில் உழைத்த அவ்வீட்டுப் பெரியவர் புத்தகயை யாத்திரையில் வாங்கி வந்த உருவம் அது. ஒரு சாண் உயரம், வெள்ளைப் பீங்கான், வலக்கை முழங்காலின்மேல் படிந்து தரையைத் தொடும் கோலம். பெரியவர் காலமான பின் அவ்வம்மையாருக்கு அவரை நினைவூட்ட வேறு பொருள் அதிகம் இல்லை. வைசாகப் பௌர்ணமிக்காகப் பலகையைத் துடைத்த எட்டு வயதுப் பேரனின் கை பட்டு அது விழுந்தது. தலை ஒரு துண்டு; வலக்கை ஒரு துண்டு; உடல் ஒரு துண்டு. பொழுது சாய்வதற்குள் ஏரியில் விட்டுவிடவேண்டும் என்றார் ஒருவர். உடைத்தவனுக்கு ஆகாது என்றார் மற்றொருவர். அதைக் கேட்ட பிள்ளை அன்று முதல் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அம்மையாரோ, விட்டெறிய மனமும் இன்றி, வெளியில் வைக்கத் துணிவும் இன்றி, துண்டுகளைத் துணியில் முடிந்து அரிசிப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். இனிக் கூறப்போகும் முறைகளுக்கு அவ்வுருவத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

உருவம் உடைந்தவுடன் செய்யவேண்டியது, துண்டுகளைத் தேடி எடுப்பது. பெரிய துண்டுகளோடு நின்றுவிடாமல், தரையைப் பெருக்கி, அக்குப்பையை வெள்ளைத் தாளின்மேல் கொட்டிப் பார்க்கவேண்டும். உளுந்தளவுச் சில்லும் பயன்படும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே தாளில் பொதிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே துணியில் முடிந்தால் உடைந்த விளிம்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயும். அதே காரணத்தால், துண்டுகளை எடுத்து எடுத்துப் பொருத்திப் பார்ப்பதும் தவறு. ஆலையில் ரிங் பிரேம்களின் நடுவே நின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அறுந்த இழையின் முனையை விரலால் திருகித் திருகிப் பார்த்தவன் கையில் அது சேராது. அறுந்த வடிவிலேயே எடுத்துச் சேர்த்தால் தடம் தெரியாமல் சேரும். உடைந்த முகத்தை விரலால் தொடவும் கூடாது. கையிலுள்ள எண்ணெய்ப் பசை படிந்த இடத்தில் ஒட்டுப்பசை பிடிக்காது.

அடுத்து, உருவம் எந்தப் பொருளால் ஆனது என்று அறியவேண்டும். பலர் இதைச் செய்யாமலேயே பசையை வாங்கிவிடுகிறார்கள். உடைந்த முகத்தில் ஒரு துளி நீரை வைத்துப் பாருங்கள். முகம் செந்நிறமாகவோ சாம்பல் நிறமாகவோ பொரபொரப்பாய் இருந்து, துளியை உடனே உறிஞ்சிக்கொண்டால் அது சுடுமண். வெண்மையாய், உடைந்த கண்ணாடியைப் போல் வழவழப்பாய் இருந்து, துளி அப்படியே நின்றால் அது பீங்கான். நகத்தால் கீறினால் சுண்ணாம்புக் கட்டியைப் போல் பொடி உதிருமாயின் அது சூளையையே காணாத பிளாஸ்டர் ஆப் பாரிஸ். அதை நீரில் அலம்பினால் ஊறிக் கெடும். இந்நாளில் பீங்கானைப் போலவே தோன்றும் பிசின் வார்ப்புகளும் கடைகளில் உள்ளன. அவை கையில் குளிர்ச்சியாயிரா; தட்டினால் மந்தமாக ஒலிக்கும். அவற்றுக்கும் இக்கட்டுரைக்கும் சம்பந்தமில்லை.

சுடுமண் பொருள் பெரும்பாலும் 1,000 முதல் 1,150 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் சுடப்படுவது. பீங்கானுக்கு 1,250 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். அச்சூட்டில் களிமண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. நீரை உறிஞ்சாமைக்குக் காரணம் இதுவே. சீன நாட்டில் ஜிங்தெஜென் நகரையடுத்த காவோலிங் குன்றின் வெண்மண்ணே ‘கேயோலின்’ என்னும் பெயருக்கு மூலம். அந்நாட்டுத் தெஹுவாவில் நூற்றாண்டுகளாக வார்க்கப்பட்ட வெண்பீங்கான் அவலோகிதர் உருவங்கள் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றில் விரல் உடைந்தவை பல. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துக் குர்ஜா பீங்கானுக்குப் பேர்பெற்ற ஊர். (கடைகளில் ‘சிரிக்கும் புத்தர்’ என்று விற்கப்படும் தொந்தி உருவம் சாக்கியமுனி அல்லர், பத்தாம் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் புடாய் என்னும் துறவி. அவ்வுருவம் உடைந்தாலும் ஒட்டும் முறை இதுவேதான்.)

சிறு பீங்கான் உருவம் எவ்விதம் செய்யப்படுகிறது என்பதையும் அறிதல் நலம். பிளாஸ்டர் அச்சினுள் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, சுவரோரம் ஒரு படலம் கெட்டிப்படும். மிகுந்த குழம்பைக் கொட்டிவிட்டால் உள்ளே வெற்றிடமான வார்ப்பு நிற்கும். தலையும் கையும் தனித்தனி அச்சுகளில் வார்க்கப்பட்டு, அதே களிமண் குழம்பால் உடலோடு ஒட்டப்பட்டு, பிறகே சூளைக்குச் செல்வதும் உண்டு. சூளையில் உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காக அடியில் ஒரு துளை விடுவார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் உருவங்கள் மிகுதியாக உடைவதற்கு அவ்விடங்களின் மென்மையோடு இந்தப் பழைய ஒட்டும் ஒரு காரணமாகலாம். முன்பு ஒரே பொருளாயிருந்தது இப்போதுதான் பலவாயிற்று என்று அம்மையார் வருந்தியபோது நாம் இதைத்தான் சொன்னோம்: கடையிலிருந்து வாங்கிய நாளிலேயே அது ஒட்டப்பட்ட பொருளாயிருந்திருக்கலாம்.

நிற்க. சுத்தம் செய்தலுக்கு வருவோம். வந்தனைப் பலகையில் இருந்த உருவத்தின்மேல் விளக்குப் புகையும் ஊதுவத்திப் பிசுக்கும் படிந்திருக்கும். பீங்கானாயின் வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பைக் கரைத்து, மென்மையான பல்துலக்கியால் மெல்லத் துடைக்கலாம். ஆனால் பொன்வண்ணமும் உதட்டுச் சிவப்பும் சூளைக்குப் பின் மேலே தீட்டப்பட்டவையாயிருக்கக்கூடும். ஈரப் பஞ்சால் மறைவான ஓர் இடத்தைத் தொட்டுப் பார்த்து, வண்ணம் பஞ்சில் ஏறினால் அங்கே நீர் படக்கூடாது. முன்பே யாரேனும் ஒட்டிய பழம்பசை இருந்தால் அதை முற்றிலும் அகற்றியாக வேண்டும். மிளகளவுப் பழம்பசை இடையில் நின்றாலும் இணைப்பு மூடாது. கழுவிய பின் பீங்கான் ஓரிரு நாளில் உலரும். சுடுமண்ணை நீரில் நனைக்காதிருப்பதே மேல். நனைந்துவிட்டால் ஒரு வாரமாயினும் நிழலில் உலரவிடுங்கள். உள்ளே ஈரம் நின்றால் பசை வேலை செய்யாது.

பசையைத் தொடுவதற்கு முன்னர், பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்க்கவேண்டும். மீண்டும் மீண்டும் பொருத்தக்கூடாது என்று மேலே சொன்னோம். ஆயினும் இந்த ஒருமுறை தவிர்க்க இயலாதது. எந்தத் துண்டு முன், எது பின் என்னும் வரிசையை இப்போதே முடிவு செய்யவேண்டும். வரிசை தவறினால் கடைசித் துண்டுக்கு நுழைய இடமிராது. நம் உருவத்தில் தலைக்கு ஒரே ஒரு பொருந்துமுகம். வலக்கைத் துண்டுக்கோ இரண்டு: மேலே மணிக்கட்டு, கீழே முழங்காலில் படியும் விரல் நுனிகள். இரண்டும் ஒரே சமயத்தில் படிந்தாக வேண்டும்.

அவசரமாகப் பொருத்துவதால் விளையும் கேட்டுக்குச் சேலத்தில் ஒரு சான்று உள்ளது. அங்குத் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று வழங்கிவந்த கற்சிலை புத்தர் சிலையே என்று தொல்லியல் துறை அறிக்கை அளித்ததும், அதை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்புக் கூறியதும் அன்பர்கள் அறிந்தவை. அவ்வறிக்கையில் மற்றொரு குறிப்பும் உண்டு. துண்டிக்கப்பட்டிருந்த தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த சாந்தால் உடலோடு ஒட்டியிருந்தார்கள். சரியாகப் பொருத்தாமையால் முகம் சற்றே இடப்புறம் திரும்பி நிற்கிறது என்பதே அது. ஒட்டியவர் யாரோ, அவர் அன்போடுதான் ஒட்டியிருப்பார். அன்பு இருந்தது, அளவு பார்த்தல் இல்லை. அதோடு, சிமெண்டு ஒருமுறை இறுகிவிட்டால் கல்லுக்குக் காயமின்றி அதைப் பிரித்தெடுத்துத் திருத்துவது மிகக் கடினம்.

இவ்விடத்தில்தான் இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் ஒரே கருத்து வருகிறது. பசை வாங்கச் செல்வோர் எல்லோரும் கடைக்காரரிடம் கேட்பது, “எது மிகவும் கெட்டியாகப் பிடிக்கும்?” என்பதே. கேட்கவேண்டியது அதுவன்று. “எதனைப் பின்னால் பிரிக்கமுடியும்?” என்பதே கேட்கத்தக்கது. பலகையில் அமர்ந்திருக்கும் ஒரு சாண் உருவம் எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை. பீங்கானைவிட வலிய பசையால் ஒட்டினால், மறுமுறை விழும்போது ஒட்டு அப்படியே நிற்கும். அதன் அருகில் புதிதாக ஓரிடம் உடையும். பசை சற்று மெலிந்ததாயின் பழைய இணைப்பே விட்டுக்கொடுக்கும், மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். மறுமுறை விழாது என்று யாரும் உறுதி கூற இயலாது. அருங்காட்சியகங்களில் இத்தொழிலைச் செய்வோரும் இதையே முதல் விதியாகக் கொண்டிருக்கிறார்கள்.

இந்த விதியைக் கொண்டு கடையிலுள்ள பசைகளை நோக்குவோம்.

பெவிகுவிக் முதலிய உடனடிப் பசைகள் சயனோஅக்ரிலேட் என்னும் வகை. இது 1942-இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்து ஹாரி கூவர் என்பாரின் ஆய்வில் தென்பட்டு, 1958-இல் விற்பனைக்கு வந்தது. காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே நொடிகளில் இறுகும். இவ்விரைவே இதன் குறை. இரண்டு இடங்களில் ஒரே சமயம் படியவேண்டிய கைத்துண்டை இதனால் ஒட்டினால், மயிரிழை பிசகினாலும் திருத்துவதற்கு நேரமிராது. ஒரு சிறு விரல் நுனிக்கு வேண்டுமானால் இதைப் பயன்படுத்தலாம். இப்பசை பஞ்சிலோ பருத்தித் துணியிலோ சிந்தினால் வேகமாகச் சூடேறிப் புகையும், தோலைச் சுடும் என்பதை எல்லோரும் அறிந்திருக்கவேண்டும். ஆகவே இதைத் துடைக்கப் பஞ்சை எடுக்கக் கூடாது.

வெள்ளைப் பசை, அஃதாவது 1959 முதல் நம் நாட்டில் பெவிகால் என்று வழங்குவது, நீரில் கலந்த பாலிவினைல் அசிடேட்டு. பாவு நூலுக்குக் கஞ்சியேற்றும் பகுதியில் பணிசெய்தவர்கள் இதன் இனத்தைச் சேர்ந்த பாலிவினைல் ஆல்கஹாலை அறிந்திருப்பார்கள். இது சுடுமண்ணுக்கு மிக நன்று. நுண்துளைகள் வழியே நீர் வெளியேறப் பசை இறுகும். வேண்டும்போது வெந்நீரால் நெகிழ்த்திப் பிரிக்கலாம். பீங்கானுக்கு இது ஆகாது. நீர் வெளியேற வழியின்மையால் நடுவில் பசை பச்சையாகவே நின்றுவிடும்.

அரால்டைட் முதலிய எபாக்சி, இரு குழல்களிலிருந்து சமபங்கு எடுத்துக் கலப்பது. மிக வலியது, மெல்ல இறுகும் வகையில் திருத்துவதற்கு நேரமும் கிடைக்கும். ஆயினும் வெயில் பட்டால் நாளடைவில் மஞ்சளிக்கும். வெந்நீரிலோ அசிட்டோனிலோ நெடுநேரம் ஊறவைத்தால் பெரும்பாலும் நெகிழுமேயன்றி எளிதில் பிரியாது. கனத்த உருவத்தின் கழுத்து போன்ற இடத்துக்கு மட்டும் இதைக் கொள்ளலாம். கலக்கும்போது கையுறை வேண்டும்; சிலர் தோலில் இது அரிப்பை உண்டாக்கும்.

அருங்காட்சியகத்தார் மிகுதியும் கையாளுவது பாரலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசின். கற்கண்டுச் சில்லுகள் போலிருக்கும் இதை மெல்லிய துணியில் முடிந்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில், எடைக்கு எடை அசிட்டோனில் தொங்கவிட்டால் ஓரிரவில் தேன்போல் கரையும். அசிட்டோன் ஆவியாகும்போது பசை இறுகும். மீண்டும் அசிட்டோனைத் தடவினால், பத்தாண்டு கழிந்தாலும் பிரியும், மஞ்சளிப்பதும் இல்லை. இதில் ஒரே எச்சரிக்கை: ஏறக்குறைய 40 பாகைச் சூட்டில் இப்பிசின் இளகத் தொடங்கும். பெங்களூரின் வீட்டுக்குள் அஞ்சவேண்டியதில்லை. தகரக் கூரையின் கீழும், வெயில் நேரே விழும் சன்னலிலும், இதனால் ஒட்டிய உருவம் இருத்தல் கூடாது. பிசின் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதன்று. ஓவியப் பொருள் விற்போர் மூலமோ அஞ்சல் வழியாகவோ தருவிக்கவேண்டும். கிடைக்காதோர் மெல்ல இறுகும் எபாக்சியை மிக மெல்லியதாகக் கொள்க. இரண்டும் உள்ளோர், உடைந்த முகங்களில் முதலில் இப்பிசினை நீர்க்கத் தடவி உலரவிட்டு, அதன்மேல் எபாக்சியால் ஒட்டினால், வலிமையும் கிடைக்கும், பிரிக்கும் வழியும் திறந்திருக்கும்.

அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் ஆவியையுடையது. விளக்கும் ஊதுவத்தியும் எரியும் அறையில் இவ்வேலையைச் செய்யவே கூடாது. வந்தனை அறையில் வேலை வேண்டாம். சன்னல் திறந்த வேறோர் இடத்தில் அமருங்கள்.

இனி ஒட்டுதல். முதலில் ஓர் அகன்ற தட்டில் மணல் நிரப்பி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொள்ளவேண்டும். உருவத்தை மணலில் புதைத்து, இணைக்கவேண்டிய முகம் வானத்தை நோக்கிக் கிடைமட்டமாக நிற்குமாறு சாய்த்து வைக்கவேண்டும். அப்போது மேல்துண்டு தன் கனத்தாலேயே தன் இடத்தில் நிற்கும். கையால் மணிக்கணக்கில் பிடித்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, ஒட்டுநாடாவை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி மேசை விளிம்பில் வரிசையாகத் தொங்கவிடவேண்டும். பசை தடவிய பின் கத்தரியைத் தேடுவது வேலையைக் கெடுக்கும்.

பசையைத் தென்னை ஈர்க்கால் எடுத்து, ஒரு முகத்தில் மட்டும், விளிம்புக்குச் சற்று உள்ளே, சிறு புள்ளிகளாக வைத்தால் போதும். அழுத்தும்போது அது தானே பரவும். பசை மிகுந்தால் இணைப்பின் இடைவெளி பெருகும். ஓரிடத்தில் பெருகியது அடுத்த துண்டில் இரட்டிப்பாகும். கடைசியில் ஒரு துண்டு பொருந்தாமல் வெளியே நிற்கும். பொருத்தியபின் கண்ணை நம்பவேண்டாம்; கண்ணை மூடிக்கொண்டு நகத்தை இணைப்பின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். படி தட்டினால் இன்னும் சற்று நகர்த்தவேண்டும். சரியானபின் ஒட்டுநாடாவை இணைப்புக்குக் குறுக்கே, சற்று இழுத்தாற்போல், இருபுறமும் எதிரெதிரே ஒட்டவேண்டும்.

நம் உருவத்தில் கையையே முதலில் ஒட்டினோம். தலை இல்லாதபோது உடலை மல்லாத்திச் சாய்ப்பது எளிது. மணிக்கட்டும் விரல் நுனியும் ஒருசேரப் படிய நான்கு முறை நகர்த்தவேண்டியிருந்தது. பி-72 ஆதலால் நேரம் இருந்தது. இவ்வேலைக்கு நாடாவை எடுத்துத்தர ஓர் ஆள் தேவைப்படும். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேரனையே அழைத்தோம். “ஐயா, நான் தொட்டால் மறுபடியும் உடைந்துவிடாதா?” என்றான். “உடைந்தால் பிரித்து ஒட்டுவோம், தம்பி; அதற்காகத்தான் இந்தப் பசை” என்றோம். வந்து உட்கார்ந்தான். அதற்கு மேல் அவனிடம் நாம் உபதேசம் எதுவும் செய்யவில்லை. சிறு விரல்களுக்கு நாடாவைக் கோணாமல் ஒட்டும் திறமை நமக்கிருப்பதைவிட மிகுதி.

கை ஒட்டியபின் இரண்டு நாள் விட்டுத் தலையை ஒட்டினோம். தலை கோணாதிருக்க, மூக்கு நுனி, நாபி, மடிந்த கால்களின் நடு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று ஒரு நூலில் சிறு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதும் இதே வகைதான். தலை ஒட்டிய உருவம் ஒரு வாரம் மணலிலேயே இருந்தது. மேலே வழிந்த பசையை ஈரமாயிருக்கும்போது துடைத்தால் பரவி அழுக்காகும். சற்று இறுகி ரப்பர் போலானபின் கூரிய பிளேடால் படுக்கவைத்துச் சீவுவதே நல்லது.

கழுத்தின் பின்புறம் உளுந்தளவுச் சில்லு ஒன்று தொலைந்துபோயிருந்தது. இத்தகைய பள்ளத்தை, சிறிது பிளாஸ்டர் ஆப் பாரிஸை நீரில் குழைத்து நிரப்பலாம். காய்ந்தபின் மிக நுண்ணிய உப்புத்தாளைச் சிறு துண்டாக வெட்டி, நிரப்பிய இடத்தை மட்டும் தேய்க்கவேண்டும். சுற்றியுள்ள மெருகில் பட்டால் அது நிரந்தரக் கீறல். பழைய மெருகுகளில் ஈயம் இருக்கக்கூடும். அதன் பொடியை மூச்சில் இழுப்பது தீங்கு. வண்ணத்துக்கு நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் போதும். ‘வெள்ளை’ என்று எண்ணும் பீங்கான் பெரும்பாலும் வெள்ளையன்று. சற்று நீலமோ சற்று மஞ்சளோ கலந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை தீட்டவேண்டும். தீட்டும் வண்ணம் பள்ளத்தின் எல்லையைத் தாண்டி நல்ல பீங்கானின்மேல் ஏறவேண்டாம். ஒட்டை மறைக்கும் ஆசையில் பாதிக் கழுத்துக்கு வண்ணம் பூசிவிட்டால், முன்னிருந்த உருவத்தில் பாதி மறைந்துபோகும்.

இதற்கு நேர்மாறாக, ஒட்டைப் பொன்னால் காட்டும் ஜப்பானியர் வழக்கத்தைச் சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். கின்ட்சுகி என்னும் அம்முறையில் உருஷி மரத்துப் பாலால் ஒட்டி, இணைப்பின்மேல் பொற்பொடி தூவுவர். அந்நாட்டில் அதற்கும் முற்பட்ட ஒரு கதை உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் அஷிகாகா யோஷிமாசா என்னும் ஷோகன், விரிசலுற்ற தம் சீனக் கிண்ணத்துக்கு ஈடான ஒன்றை வேண்டிச் சீனத்துக்கு அனுப்பினார் என்பர். அப்படியொன்று இனி அங்கும் இல்லை என்று கூறி, விரிசலை உலோகக் கவ்விகளால் தைத்து அதையே திருப்பி அனுப்பினார்களாம். ‘பகோஹான்’ என்னும் அக்கிண்ணம் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் கவ்விகளோடேயே இருக்கிறது. கிண்ணத்துக்கு இவையெல்லாம் அழகு. முகமுள்ள உருவத்துக்கு நாம் இதைப் பரிந்துரைக்கமாட்டோம். கழுத்தைச் சுற்றிப் பொற்கோடு ஓடினால் வணங்க வருவோரின் கண் அமைதியான முகத்தில் நில்லாமல் அக்கோட்டிலேயே நிற்கும். தவிர, கின்ட்சுகி என்ற பெயரில் விற்கப்படும் பெட்டிகள் பலவற்றில் இருப்பது எபாக்சியும் பொன்னிறத் தூளுமே.

நம் கையால் செய்யத்தகாதவையும் உள. நிலத்தைத் தோண்டுகையில் கிடைத்த உருவம் எவ்வளவு சிறிதாயினும் அதைக் கழுவவோ ஒட்டவோ கூடாது. உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும். நூறாண்டு கடந்த சிற்பங்கள் முதலியன 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருவன. உடைந்து ஒட்டிய கிண்ணத்திலும் தட்டிலும் உணவு படைத்து உண்பதும் ஆகாது. பசைகள் உணவுக்கு உரியவையல்ல.

ஒட்டிய உருவத்தைத் தூக்கும்போது தலையைப் பற்றித் தூக்காமல், ஒரு கை அடியிலும் ஒரு கை முதுகிலும் கொடுக்கவேண்டும். பலகையின் முன்விளிம்பில் ஒரு விரற்கடை உயரச் சட்டம் அடித்தால் துடைக்கும்போது நழுவாது. கடைசியாக, ஒரு துண்டுச் சீட்டில் ஒட்டிய தேதியையும், எந்த இடம் எந்தப் பசையால் ஒட்டப்பட்டது என்பதையும், எதனால் பிரியும் என்பதையும் எழுதிச் சுருட்டி, அடித்துளை வழியே உருவத்தின் உள்ளே இட்டுவிடவேண்டும். அம்மையார் வீட்டு உருவத்தினுள் இருக்கும் சீட்டு பேரனின் கையெழுத்தில் உள்ளது. ‘அசிட்டோன்’ என்னும் சொல்லை மட்டும் நாம் எழுத்துக்கூட்டிச் சொல்லவேண்டியிருந்தது.